கல் வைக்கப் போன ஒச்சம்மாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு வெளிநாடு என்றால் ஒன்றே ஒன்றுதான். வளைகுடாவுக்குப் போவது, இரண்டு வருடம் கழித்துக் கூலிங்கிளாஸும் டேப்ரிக்கார்டரும் செண்ட் பாட்டிலுமாக வந்து இறங்குவது. இந்த வழக்கத்தை முதன்முதலில் கெடுத்தவள் ஒச்சம்மாள். கார்ப்பரேஷனில் தெருக்கூட்டும் வேலையில் இருந்தவள். அவளும் வெளிநாடு போனாள். ஆனால் சம்பளத்துக்காக அல்ல, சம்பளமே இல்லாமல் கல் சுமக்க. கூலி கொடுத்தாலே கல் தூக்க ஆள் கிடைக்காத காலத்தில் இவள் ஓசியில் தூக்க நேபாளம் போகிறாளாம் என்று லைன் வீடுகளில் சிரித்தார்கள். அடுப்படியில் இருந்தவர்கள்கூடக் கரண்டியோடு வெளியே வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒச்சம்மாளின் அப்பாவும் அம்மாவும் மதுரைப் பக்கத்திலிருந்து துப்புரவு வேலைக்காகக் கொச்சிக்கு வந்தவர்கள். அவள் பிறந்தது சுள்ளிக்கல் பக்கத்து லைன் வீட்டில். வாயைத் திறந்தால் பாதித் தமிழும் பாதி மலையாளமும் வரும். இரண்டையும் படிக்கத் தெரியாது. புருஷன் சங்கிலிப்பாண்டி சாக்கடை வாரும் வேலையில் இருந்தான். எழுபத்தொன்றாம் வருட மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தான். அவன் இடத்தில் அவளுக்குத் தெருக்கூட்டும் வேலை கிடைத்தது. அந்த வேலையைக் கொண்டே மகள் பாக்கியலக்ஷ்மியை வளர்த்துக் கலூரில் கட்டிக்கொடுத்தாள்.

அவளுக்கு ஒதுக்கிய இடம் பஜார் ரோடு. இரண்டு பக்கமும் அரிசிக் கிட்டங்கிகளும் மிளகு, சுக்குக் கிட்டங்கிகளும் இருந்தன. காலையில் அந்தத் தெருவைக் கூட்டினால் மிளகுத் தூள் எழும்பி, தும்மலோடுதான் பொழுது விடியும். தெருவை முடித்துவிட்டுப் படகுத் துறைக்குப் பக்கத்திலுள்ள பொதுக் கக்கூஸைக் கழுவ வேண்டும். பிறகு சாயாக்கடை. அங்கே அவளும் பெஞ்சில் உட்காரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். என்ன, அவள் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிடும். ஒச்சம்மாள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை, இடம் தாராளமாகக் கிடைத்தது என்று காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள்.

அவள் மனத்தில் இருந்த குறை வேறு. ஒருநாள் மகளிடம் சொன்னாள். "பத்து வருசமாக் கூட்டுறேன்டி. நான் செஞ்ச வேலை ஒண்ணாச்சும் மறுநா வரைக்கும் நின்னிருக்கா? அந்தியில பாத்தா பழையபடி குப்ப. கொத்தனாரப் பாரு, ஒரு கல்ல வச்சிட்டுப் போனாம்னா அவன் செத்தாலும் கல்லு நிக்குது."

அதற்கு அடுத்து வந்தது காந்தி ஜெயந்தி. அன்றைக்குப் பெரிய மனிதர்கள் தெருக்கூட்டுவது வழக்கம். எண்பத்தொன்றில் பஜார் ரோட்டுக்கு ஒரு தொண்டர் சங்கத்தார் வந்தார்கள். கசங்காத வெள்ளை உடுப்பு, பிரிக்காத புதுத் துடைப்பம், ஒரு போட்டோக்காரர். ஒச்சம்மாள் முன்கூட்டியே கூட்டிவைத்த தெருவை அவர்கள் இன்னொரு தரம் கூட்டினார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் துடைப்பங்களைச் சுவரில் சாத்திவிட்டுக் கலைந்தார்கள். ஒரு அம்மாள் மட்டும் போகவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துறைப்பக்கத்துக் கக்கூஸைத் தேடிப் போய் வாளியை எடுத்தாள். அவள்தான் கமலாக்ஷி டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாதவள், மலையாளப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். விடுமுறை கிடைத்தால் ஏதாவது ஊரில் சேவை முகாமுக்குக் கிளம்பிவிடுகிறவள்.

"எந்தா டீச்சரே, போட்டோ முடிஞ்சாச்சு" என்றாள் ஒச்சம்மாள்.

"முடியட்டே. இது முடிஞ்சில்லல்லோ" என்றாள் டீச்சர்.

அப்படித் தொடங்கிய பழக்கம். சாயாக்கடைப் பெஞ்சில் ஒச்சம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வேலையும் ஞாபகம் வராமல், சாயா ஆறும்வரை பேசுகிறவள் டீச்சர் ஒருத்திதான். அவள்தான் நேபாளத்தைப் பற்றிச் சொன்னாள். மலைக்கு மேலே தேவ்டாண்டா என்று ஒரு ஊர். அங்கே பழங்காலத்துச் சிற்றரசன் கட்டிய கல்கோட்டை. மண் சரிந்து அதன் வாசல் விழுந்து கிடக்கிறது. பல நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து சம்பளம் வாங்காமல் அதை எடுத்துக் கட்டுகிறார்கள். வண்டிச் செலவு சங்கத்துடையது, பாஸ்போர்ட்டும் தேவையில்லை.

"ஒச்சம்மே, நீங்களும் வரணும் கேட்டோ. படிச்ச ஆள் அங்க இஷ்டம் போல உண்டு. வேலை அறியுந்ந ஆளுதான் இல்ல."

"நான் வந்தா எனக்கு என்ன வேலை தருவாங்க?"

"கல்லு எடுக்கணும். கல்லு வைக்கணும்."

"நானே வைக்கலாமா?"

"பின்னே?"

ஒச்சம்மாள் கையிலிருந்த சாயாவைக் குடிக்க மறந்துபோனாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. ஒரு கல். தன் கையால் ஒரே ஒரு கல்லை ஒரு சுவரில் வைத்துவிட்டு வர வேண்டும்.

பாக்கியலக்ஷ்மி கலூரிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்தாள். "ஒனக்குக் கிறுக்கா அம்மா? இங்கதான் ஊர்க் குப்பைய வாருற. அங்க போய் வெள்ளைக்காரன் குப்பைய வாரணுமா? அவுங்க கூப்புடுறது எதுக்குன்னு ஒனக்குத் தெரியல."

அந்தக் கேள்வி ஒச்சம்மாளுக்கும் உள்ளுக்குள் இருந்தது. கூட்டிப்போய்த் துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டால்? ஆனாலும் சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு எண்பத்திரண்டு ஐப்பசியில் கிளம்பிவிட்டாள். மெட்ராஸில் வண்டி மாறி, வடக்கே இன்னொரு வண்டி மாறி, கோரக்பூரில் இறங்கி, எல்லை தாண்டி, மலையேறும் பஸ்ஸில் குடல் வாய்க்கு வந்துவிட, கடைசியில் கால்நடையாக அந்த மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கொச்சியில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அங்கே துடைத்துவிட்ட மாதிரி வானம். குளிர் எலும்பைத் தொட்டது. டீச்சர் மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல் மண்டை வலியோடு கம்பளிக்குள் சுருண்டுவிட்டாள்.

முகாமின் தலைவி இல்ஸே என்னும் ஆஸ்திரியாக்காரி. நரைத்த தலை, ஆண்பிள்ளைத் தோள், கட்டடம் படித்தவள். அன்று சாயங்காலம் புதிதாக வந்தவர்களை உட்காரவைத்து இங்கிலீஷில் எல்லாவற்றையும் விளக்கினாள். மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய டீச்சர் கம்பளிக்குள் இருந்தாள். ஒச்சம்மாள் மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இல்ஸே சொன்னதில் ஒரு சொல்கூட அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் விடியுமுன் வழக்கம்போல விழிப்பு வந்தது. வெளியே வந்து பார்த்தாள். இடிந்த வாசலுக்கு முன்னால் பெரிய முற்றம். முற்றம் முழுக்க வாசலிலிருந்து விழுந்த கற்கள் பரப்பிக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் யாரோ சுண்ணக்கட்டியால் கிறுக்கி வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் வேலையாக இருக்கும் என்று நினைத்தாள். ராஜா வாசல் இப்படிக் கிடக்கலாமா? வெளிச்சம் வருவதற்குள் வாசல் தெளிக்காத வீட்டில் எந்த லட்சுமி நுழைவாள்? சோறு போட்டுப் படுக்க இடமும் கொடுத்தவர்களுக்குத் தன்னால் முடிந்தது இதுதானே என்றும் நினைத்தாள்.

ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒவ்வொரு கல்லையும் ஊரில் தேங்காய் நாரால் தேய்ப்பது போல வைக்கோலால் தேய்த்துக் கழுவினாள். கழுவிய கல்லை, முடிந்ததைத் தூக்கியும் கனத்ததை உருட்டியும், கார்ப்பரேஷன் முறைப்படி ஓரமாகக் கொண்டுபோய்க் குமித்தாள். தெருவில் எது சிதறிக் கிடந்தாலும் ஓரத்தில் குமித்து வைத்துவிட்டுத்தான் அவளுக்குக் கை நிற்கும். வெயில் வந்தபோது முற்றம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஓரத்தில் அழகான ஒரு குன்று. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். அந்தச் சுண்ணக்கட்டிக் கிறுக்கல், ஒவ்வொரு கல்லும் சுவரில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதற்கான எண். சுவரின் வரைபடத்தில் எந்த எண் எங்கே என்று இருந்தது. எந்தக் கல் எந்த எண் என்பது கல்லின் மேல் மட்டுமே இருந்தது. பழைய கல்லில் அழியாத மை வைக்கக்கூடாது என்பது அவர்கள் சட்டம், அதனால் சுண்ணக்கட்டி. மழைக்காலம் முடிந்துவிட்டது, யார் வந்து அழிக்கப்போகிறார்கள் என்று தைரியமாக இருந்தார்கள். மட்டாஞ்சேரியிலிருந்து ஒருத்தி வருவாள் என்று அவர்கள் கண்டார்களா?

முதலில் வெளியே வந்தவன் லார்ஸ். டென்மார்க் நாட்டு வாலிபன், நெட்டைப் பனை. எல்லோருக்கும் முன்பே வந்து, வாரக்கணக்கில் குனிந்து அந்த எண்களை எழுதியவன் அவன்தான். முற்றத்தைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான், குடத்தோடு சிரித்துக்கொண்டு நின்ற ஒச்சம்மாளைப் பார்த்தான். பிறகு அவன் போட்ட சத்தத்தில் முகாமே எழுந்துவிட்டது. இல்ஸே வந்தாள். குவியலின் மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். டீச்சர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்து விஷயத்தைக் கேட்டு, மெல்ல ஒச்சம்மாளிடம் சொன்னாள்.

ஒச்சம்மாள் எந்தச் சுவரில் ஒரு கல் வைக்க ஆசைப்பட்டு இத்தனை தூரம் வந்தாளோ, அந்தச் சுவரையே கலைத்துவிட்டாள்.

"டீச்சரே, என்னை ஊருக்கு அனுப்பிரச் சொல்லுங்க. நான் போயிருறேன்" என்றாள். பஸ் வாரத்துக்கு ஒருமுறைதான் அந்தப் பக்கம் வரும் என்று டீச்சர் சொன்னாள்.

போக முடியாது என்றால் இருக்கும் நாட்களுக்கு ஒரு வழி வேண்டும். ஒச்சம்மாள் யோசிக்கவே இல்லை, கால் தானாக நடந்தது. முகாமுக்குப் பின்னால் கக்கூஸ் இருந்தது. கதவோரம் துடைப்பமும் வாளியும் சாம்பலும் இருந்தன. துடைப்பத்தை எடுத்தாள். தெரிந்த வேலை இது. கடைசி நாள் வரை இதையே செய்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம், கல் பக்கமே போக வேண்டாம் என்று முடிவு செய்தாள். மகள் சொன்னது சரியாகத்தான் போயிற்று, ஒரே வித்தியாசம், துடைப்பத்தை வேறு யாரும் கையில் கொடுக்கவில்லை.

பின்னாலேயே இல்ஸே வந்தாள், அவளுக்குப் பின்னால் டீச்சர். இல்ஸே துடைப்பத்தைப் பிடித்து இழுத்தாள். ஒச்சம்மாள் விடவில்லை. இரண்டு பெண்களும் ஒரு துடைப்பத்தை வைத்துக்கொண்டு இழுபறி நடத்தினார்கள். ஆஸ்திரியாக்காரிதான் ஜெயித்தாள்.

"இது என்ன?" என்று இல்ஸே கேட்டாள். டீச்சர் மொழிபெயர்த்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன். அதுக்கு இத நான் செய்றேன்னு சொல்லுங்க."

இல்ஸே கேட்டுவிட்டு ரொம்ப நேரம் எதுவோ சொன்னாள். டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். "இன்னைக்கு இங்க முறை இல்ஸேயோடதாம். சமையல், தண்ணி, கக்கூஸ், எல்லாம் எல்லாருக்கும் முறை வச்சு வருமாம். அவங்களுக்கும் உண்டாம். ஒச்சம்மாவோட முறை வரும்போது ஒச்சம்மா செஞ்சா போதுமாம். அப்புறம் ஒண்ணு கேக்குறாங்க. தப்புச் செஞ்சா கல்லத் திரும்பப் பிரிக்கணும், அது செரி. கக்கூஸ் கழுவுறது தண்டனைன்னு உங்ககிட்ட ஆரு சொன்னதுன்னு கேக்குறாங்க."

ஒச்சம்மாளிடம் யாரும் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லவேண்டிய தேவையும் யாருக்கும் இருந்ததில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்ஸே கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீரை வீசி அடித்தாள். அன்று மத்தியானம் ஒச்சம்மாள் அந்தக் கக்கூஸுக்குப் போனாள். வேறொருத்தி கழுவி வைத்த இடம். உள்ளே நின்று அவள் அழுதுவிட்டாள். அதைப் பிற்காலத்தில் அவளே வெட்கப்படாமல் எல்லோரிடமும் சொல்லுவாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய வேலை. குவியலைக் கலைத்து, ஒவ்வொரு கல்லையும் எடுத்து, படத்தில் இருக்கும் உருவத்தோடு ஒப்பிட்டு, இதுவா அதுவா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து எண் போட வேண்டும். முகாமே முற்றத்தில் உட்கார்ந்தது. பனிமலையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க ஒரு நாள் பயணம் வைத்திருந்தார்கள். அதற்காகவே கடல் கடந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்த நாளும் கல்லுக்கே போயிற்று. ஒருத்தர்கூட முகத்தைச் சுளிக்கவில்லை. எல்லாக் கல்லையும் தூக்கியோ உருட்டியோ கொண்டுபோய்க் காட்டுவது ஒச்சம்மாளின் வேலை. எண் எழுதிய கல்லைத் தாண்டும்போது கோலத்தைத் தாண்டுகிற மாதிரி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று அவளுக்குத் தோன்றாத நாளில்லை. மட்டாஞ்சேரியில் ஒரு மூட்டை அரிசியில் தண்ணீர் பட்டிருந்தால் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியிருப்பார்கள்.

லார்ஸ் மட்டும் பேசவில்லை. அவள் கொண்டுவரும் கல்லை வாங்கிக்கொள்வான், முகத்தைப் பார்க்க மாட்டான். அவன் கோபம் நியாயம்தான் என்று ஒச்சம்மாளே டீச்சரிடம் சொன்னாள். "நான் கூட்டி முடிச்ச தெருவுல ஒருத்தன் குப்பையக் கொட்டுனா நான் சும்மாவா இருப்பேன்?"

கற்கள் ஒழுங்குக்கு வந்தபோது ஒச்சம்மாளின் லீவு முடிந்துவிட்டிருந்தது. மறுநாள் மத்தியானப் பஸ்ஸை விட்டால் வேலைக்கே ஆபத்து. சுவர் தொடங்க அந்த ஊர்ப் பூசாரி குறித்த நல்ல நேரமும் மறுநாள் காலைதான், சூரியன் எழும்பியவுடன். முதல் வரிசைக் கல் அப்போது வைக்க வேண்டும். ஒரு கல்லாவது கிடைக்கும் என்று ஒச்சம்மாளுக்கு உயிர் வந்தது. அன்று சாப்பாட்டின்போது இல்ஸே வழக்கம்போல மறுநாளைய முறைகளைச் சொன்னாள். சமையல் இன்னார், தண்ணீர் இன்னார். அடுத்து, கக்கூஸ், ஒச்சம்மாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இல்ஸேவுக்கே அப்போதுதான் உறைத்தது. ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து, குழிக்குச் சாம்பல் போட்டு, எல்லாம் முடிக்கக் காலைப்பொழுது பூராவும் ஆகும். நல்ல நேரம் கடந்துவிடும், அப்புறம் பஸ்.

"மாத்திச் சொல்லச் சொல்றேன்" என்று டீச்சர் எழுந்தாள்.

ஒச்சம்மாள் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "வேண்டாம் டீச்சரே. எல்லாருக்கும் முறை வந்துச்சு, யாரும் மாத்திக்கல. எனக்கு மட்டும் மாத்துனா, பாவம்னு மாத்துன மாதிரி ஆயிரும். எனக்கு அது வேண்டாம்."

சொன்னது மனதாரச் சொன்னதுதான். ஆனாலும் அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. கெடுத்தது தான்தான், இத்தனை பேர் பொறுத்துக்கொண்டதே பெரிது, இதற்கு மேல் ஒரு கல்லுக்கு ஆசைப்படுவது பேராசை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசு கேட்கவில்லை.

விடியுமுன் எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு கக்கூஸ் பக்கம் போனாள். கதவு திறந்திருந்தது. தரை ஈரமாக இருந்தது. சாம்பல் போட்டாகிவிட்டது. குடங்களில் தண்ணீர் நிறைந்திருந்தது. லார்ஸ் தன் நெட்டை உடம்பை இரண்டாக மடித்துக்கொண்டு கடைசி மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எப்போது எழுந்தானோ, எத்தனை நடை ஊற்றுக்கு நடந்தானோ. அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான். துடைப்பத்தால் கோட்டை வாசல் பக்கம் காட்டினான். ஒச்சம்மாளின் தொழில் கண்ணுக்கு, அந்த மூலையை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்திருக்கலாம் என்று பட்டது. அதைச் சொல்ல அவளுக்குப் பாஷை தெரியாதது நல்லதாகப் போயிற்று.

சூரியன் எழும்பிற்று. பூசாரி குங்குமமும் அரிசியும் தூவினார். தோண்டிய பள்ளத்தில் மண் சாந்து பரப்பியிருந்தது. இல்ஸே ஒச்சம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அடிவரிசைக் கல், கனமான கல், ஒருத்தியால் இறக்க முடியாது. கை கழுவிவிட்டு ஓடி வந்த லார்ஸ் மறுமுனையைப் பிடித்தான். இருவருமாக மெல்ல இறக்கினார்கள். கல் சாந்தில் பதிந்து உட்கார்ந்தது. அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை. கையை எடுக்க மனமில்லாமல் அதன் மேலேயே வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள்.

பிறகு டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். "டீச்சரே, இந்தத் தம்பிகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"எனக்குன்னு வந்த வேலைய, நான் வர்றதுக்குள்ள எனக்காகச் செஞ்சு முடிச்ச ஆளு, நான் பொறந்து இன்னைக்குத்தான் ஒருத்தரப் பாக்குறேன்னு சொல்லுங்க."

டீச்சர் வாயைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் நடத்துகிறவளுக்கு அன்றைக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. லார்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஷீ ஸேஸ் தேங்க் யூ" என்றாள்.

லார்ஸ் முதன்முதலாக ஒச்சம்மாளின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். பிறகு குனிந்து அடுத்த கல்லின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனைக்கு அவளைக் கூப்பிட்டான். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.